வைத்தியத் தோட்டத்தில் எனக்கு மூச்சு நின்ற நாட்கள்

தோட்ட வைத்தியம் என்று ஒரு தொழில் இருக்கிறது. அதில் செடிகளைப் பார்த்துக்கொள்வது சுலபம், செடிகளைத் தேடி வருகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டு நெஞ்சு அடைக்காமல் நிற்பதுதான் பெரும்பாடு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் என்று எந்த இடத்தில் நீங்கள் மனிதர்களோடு மல்லுக்கட்டினாலும் சரி, நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். பதினான்கு வருடம் ஒரு நர்சரியில் இருந்து ஹோட்டல்காரர்களுக்குக் குரோட்டன்சும் செம்பருத்தியும் விற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சாரம்மா மேடம் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற நர்ஸ், மலையாளி, குரலை உயர்த்தாமலே ஆளை ஓட வைப்பவர். போர்ட் பிளேரிலேயே புரோத்ராபூரில் ஒரு சரிவான அரை ஏக்கரை ஒரு டிரஸ்ட் சார்பில் எடுத்து வைத்தியத் தோட்டம் தொடங்கியிருந்தார். கை விளங்காதவர்கள், நினைவு தப்பியவர்கள், குடியை விட்டவர்கள், துக்கத்தில் பேச்சை விட்டவர்கள் என்று டாக்டர்கள் ஆட்களை அனுப்புவார்கள். அவர்கள் மண்ணைக் கிளறி, விதை போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். கைக்கும் பயிற்சி, மனசுக்கும் பயிற்சி. கூட நின்று சொல்லிக்கொடுக்க நான். மண் வெட்ட, பந்தல் கட்ட நிமாய்தா, இங்கே குடியேறிய வங்காளிக் குடும்பத்துக்காரர். செடிதானே, எதிர்த்துப் பேசாது என்று நினைத்து நான் ஒப்புக்கொண்டேன். யாரிடமாவது இப்படி நினைத்து நீங்களும் மாட்டியிருப்பீர்கள்.

நத்தைக்கு வைத்த விருந்து

அந்தமானில் தோட்டம் போட்டவர்களுக்கு ஆப்பிரிக்க நத்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டதும் உள்ளங்கை அளவு ஓட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். விடிந்து பார்த்தால் கீரைப் பாத்தி மொட்டையாக இருக்கும். சாம்பல் போட்டுப் பார்த்தேன். நிமாய்தா வாளி வாளியாகப் பொறுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் பதித்து வைத்தால் நத்தை வாசனைக்கு வந்து விழுந்துவிடுமாம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒயின் ஷாப் வரிசையில் நின்றேன். சாயங்காலம் எட்டுக் கிண்ணங்களைப் பதித்து, ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதுதான் அது புதன்கிழமை என்று உறைத்தது. புதன்கிழமை யார் வருவார்கள்? குடியை விட்டவர்களின் குழு! ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு இருக்கிறவர்கள். பஸ்ஸிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், அவர்கள் அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே வந்து களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாத்தியில் எட்டுக் குழி இருக்கிறது, கிண்ணம் ஒன்றுகூட இல்லை. என்னமோ விசாரிப்பதுபோல் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் மோந்து பார்த்தேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ.

குழாயடியிலிருந்து பீட்டர் வந்தார். லாரி டிரைவர், குடியை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் எட்டுக் கிண்ணமும் கழுவி அடுக்கியிருந்தது. “அக்கா, இது உங்க வேலைதானே?” என்றார் மெதுவாக. நத்தைக்காக வைத்தேன் என்றேன். “எல்லாத்தையும் தென்னை மரத்தடியில கொட்டிட்டேன். மத்தவங்க யாரும் பார்க்கல.” அவர் ஒரு வாயாவது குடித்தாரா என்று நான் அவர் முகத்தில் தேடினேன். அவரே பதில் சொன்னார்:

“நத்தையை எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கிற அளவுக்கு நான் எறங்கல அக்கா. ஆனா பொய் சொல்ல மாட்டேன், எட்டாவது கிண்ணத்துக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆச்சு.”

டீச்சரம்மா வாய் திறந்தார்

எங்கள் தீவில் தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த முக்கால்வாசிப் பேர், எங்களிடம் வந்த ஒரு டீச்சரம்மாவிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் படித்திருக்கிறேன். ழகரம் சறுக்கினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். வகுப்பில் ஹிந்தி வார்த்தை ஒன்று கலந்து பேசிவிட்டால் அன்றைக்குத் தொலைந்தோம். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயிருந்தன. எட்டு மாதமாக ஒரு சொல் வரவில்லை. கணவர் தினமும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நின்றபடியே வேலை செய்ய இடுப்பளவு உயரத்தில் கட்டிய பாத்தியில், டீச்சரம்மா இடது கையால் தண்டுக்கீரை போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நாங்கள் பேசினால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒருநாள் கேட்டைப் பூட்டாமல் விட்டது என் தப்பு. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து, முன்னங்கால் இரண்டையும் பாத்தி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கீரையை வேரோடு இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. டீச்சரம்மா கைத்தடியைத் தூக்கினார். வாய் கோணியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு வார்த்தை! ஹிந்தியில். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நாலு பக்கம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்வார்கள். ஆட்டின் அம்மாவையும் அக்காவையும் சேர்த்து, மூன்று தடவை, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்! நிமாய்தா பூவாளியைக் காலில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும் போல் இருந்தது.

மூளையில் மற்றச் சொற்கள் இருக்கிற இடம் அடிபட்டாலும், கோபத்தில் தானாக வருகிற சொற்கள் சிலருக்குத் தப்பித்துவிடும், அவையே முதலில் வெளியே வரும் என்று சாரம்மா மேடம் பிறகு விளக்கினார். அதெல்லாம் பிறகுதான். அப்போது நான் கணவரிடம் ஓடி, “சார், தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டைத் தொறந்து போட்டது நான்தான்” என்று கும்பிட்டேன். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நாப்பது வருஷத்துல இவ வாயில இந்த வார்த்தை வந்ததே இல்லம்மா. அந்த ஆட்டைக் கொஞ்சம் மறுபடி உள்ள விடேன்.”

வண்டூர் புதினா

மாதம் ஒருமுறை, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே வாசனைச் செடிகளைச் சின்னத் தொட்டிகளில் தூக்கிக்கொண்டு போவோம். வண்டூரில் ஒரு வீடு. சுற்றுலாப் படகு ஓட்டியவர், வயது எண்பதுக்கு மேல். ஆள் அடையாளம் தெரியாது, காது கேட்காது, பேச்சு நின்று பல மாதம் ஆயிற்று என்று மருமகள் வாசலிலேயே சொல்லிவிட்டார். பெரியவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, மருத்துவச் செலவு, தூக்கமில்லாத ராத்திரி, இன்னும் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் சத்தமாகவே பேசினார். மருமகளையும் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர்.

நான் புதினாத் தொட்டியைப் பெரியவர் மூக்கருகில் பிடித்தேன். கண் திறக்கவில்லை. ஒரு இலையைக் கசக்கி உதட்டருகில் வைத்தேன். சட்டென்று வாயைத் திறந்து கவ்வி மென்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் நிதானமாக விழுங்கிவிட்டு, கண்ணை மூடியபடியே சொன்னார்:

“புதினா நல்லாத்தான் இருக்கு. பேச்சைக் குறைச்சா ஒரு சட்னி அரைக்கலாம்.”

மஞ்சள் துப்பட்டா

பயணிகள் கப்பலில் பர்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். பர்சர் என்றால் கப்பலில் டிக்கெட், கேபின், பயணிகளின் குறை எல்லாம் பார்க்கிற அதிகாரி. மறதி நோய். மனைவி பெயரே சில நாள் நினைவுக்கு வராது. ஆனால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வருவார், நின்றால் கம்பீரமாக இருக்கும். தோட்டம் முழுவதும் அவருக்குக் கப்பல்தான். நாங்களும் திருத்துவதில்லை.

சென்னையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு உதவலாமா என்று பார்த்துவிட்டுப் போக ஒருவர் வருவதாக இருந்தது. நல்ல தமிழ்க்காரர், நிறையப் படித்தவர். சாரம்மா மேடம் அவரை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவரோ வேறு வண்டி பிடித்து நேராக வந்து சேர்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் உரக்குழிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றிருந்தேன். தலையில் மஞ்சள் துப்பட்டா, முகமெல்லாம் சாணி, யார் மீதோ உள்ள எரிச்சலில் தனியாகப் பேசிக்கொண்டு. கேட்டில் அவரை வரவேற்றது பர்சர் சார். கை குலுக்கி, உள்ளே அழைத்துப்போய், ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார். கீரைப் பாத்தியையும் தனித் தொட்டிகளையும் காட்டி, “இது பங்க் கிளாஸ். கூட்டம் அதிகம், ஆனா சந்தோஷமா இருப்பாங்க. அது கேபின் கிளாஸ். தனியா இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு. யாரையும் பாதி வழியில எறக்கி விடறது இல்ல சார்.” வந்தவர் அதையெல்லாம் ஒரு தத்துவமாக எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் குழியிலிருந்து பார்த்துவிட்டு, “சார், சார், அவர் இல்ல, நான்தான் இங்க வேலை பார்க்கிறவ!” என்று கத்திக்கொண்டே மண்வெட்டியோடு ஓடினேன். அவர் இரண்டடி பின்வாங்கி, குழந்தையிடம் பேசுகிற குரலில், “சரிம்மா, சரிம்மா, நீங்கதான். மொதல்ல அதைக் கீழ வைங்க” என்றார். பர்சர் சாரோ என் தோளைத் தட்டி, “கவலைப்படாதீங்க, சாயங்காலம் ஹேவ்லாக் தீவு வந்துரும், எறங்கிக்கலாம்” என்றார். மதியம் சாரம்மா மேடம் வந்து சேர்ந்ததும் சென்னைக்காரர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது:

“உங்க டைரக்டர் மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல மேடம். அந்த மஞ்சள் துப்பட்டா பேஷன்ட் கையில மட்டும் மண்வெட்டி கொடுக்காதீங்க.”

அப்பாராவின் விரல்

அப்பாராவ் தெலுங்கு மீனவர். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழையும் ஹிந்தியையும் ஒரே மூச்சில் பேசுவார். படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கி, நரம்பு அறுந்து, மெயின்லேண்டுக்குப் போய்த் தைத்துக்கொண்டு வந்திருந்தார். விரல்கள் அசைந்தன, ஆனால் உணர்ச்சி இல்லை. அடுப்பில் வைத்தாலும் தெரியாது. உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மணல், சரளை, தேங்காய் நார், ஈரமண் என்று நாலு பெட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டு எது எது என்று சொல்ல வைப்போம். ஒரு வருடமாக அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “குச் நஹி, அக்கா. ஒண்ணும் தெரியல.” அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க எனக்கே கை மரத்துப்போகும்.

ஒரு மழை நாளில் தென்னை மட்டை மக்கிக் கிடந்த இடத்தில் அவர் கையை விட்டார். “ஆ!” என்று ஒரு அலறல். கையை உதறினார். அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பூரான் ஒன்று தெறித்து விழுந்தது. எங்கள் தீவுப் பூரானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடித்தால் பெரிய ஆண்பிள்ளைகளே தரையில் புரண்டு அழுவார்கள். நான் பாட்டுக்கு அலறிக்கொண்டு ஐஸைத் தேடி ஓடினேன். நிமாய்தா பூரானை மண்வெட்டியால் இரண்டாக்கினார். திரும்பி வந்தால், அப்பாராவ் தரையில் உட்கார்ந்து வீங்கிய விரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அழவும் செய்கிறார். “தர்த் ஹை! அக்கா, தர்த் ஹை! வலிக்குது! இந்த வெரல்தான், இதேதான்!” விஷம் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அந்த விரலைத் தொட்டுத் தொட்டு, “ஸ்ஸ்” என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தார். அங்கே இருந்த இளம் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினார். அப்பாராவ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்:

“பத்துக்குப் பதினஞ்சு, டாக்டர் சாப். ஊசி போட்டு ஆஃப் பண்ணிடாதீங்க, வீட்டுக்காரிகிட்ட காட்டணும்.”

வேலியோரம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் தப்புகளில் பெரியது இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

உப்புக் காற்றுக்கும் ஆட்டுக்கும் தாங்கும், வருடம் முழுக்கப் பூக்கும் என்று நான் நர்சரியில் விற்றுப் பழகிய ஒரு செடியை வேலியோரம் வரிசையாக வைத்திருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பார்க்க அழகு, உள்ளே விஷம். ஆடு தொடாது என்பதை ஒரு தகுதியாக நினைத்தேனே தவிர, ஆடு ஏன் தொடுவதில்லை என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. யாருக்காகத் தோட்டம் போடுகிறோம் என்பதையும்தான்.

ரேவதி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பிறந்து மூன்று நாளில் குழந்தையைப் பறிகொடுத்தவள். பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். அவளைப்போல வேலை செய்கிறவர் வேறு யாரும் கிடையாது. குனிந்த தலை நிமிராது. கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். நாலு பாகல் விதை கொடுத்தேன், மூன்று முளைக்கவில்லை. முளைத்த ஒன்றுக்குக் குச்சி நட்டு, நூல் கட்டி, காலையும் மாலையும் பார்த்தாள். இரண்டு மாதம் போயிற்று. அவள் தேறி வருகிறாள் என்று நான் சாரம்மா மேடத்திடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை என்னிடம் வந்து முழங்கையைத் தொட்டு, “அக்கா, அந்த வேலிச் செடியெல்லாம் எடுத்துடுங்க” என்றாள். ஏன், நன்றாகத்தானே இருக்கிறது என்றேன், மடச்சி. “அது என்ன செடின்னு எனக்குத் தெரியும்கா. இங்க வந்த மொத நாளே பார்த்துட்டேன்.” எனக்கு அது தலைக்குள் இறங்கச் சில விநாடி ஆயிற்று. இறங்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம்! ஒவ்வொரு நாளும் நான் அவளை அந்த வேலியோரம் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சாரம்மா மேடம் வந்தார். டாக்டருக்கும் அவள் கணவருக்கும் சொல்லி வரவழைத்தோம், அன்றைக்கே அவளோடு விரிவாகப் பேசினார்கள். மதியத்துக்குள் நிமாய்தா ஒரு வேர்கூட விடாமல் வேலியைச் சுத்தம் செய்துவிட்டார். ரேவதி இப்போதும் வருகிறாள், டாக்டரிடமும் தவறாமல் போகிறாள். இப்போது எந்தச் செடி உள்ளே வந்தாலும் மேடத்தின் பார்வை படாமல் மண்ணில் இறங்காது.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது, இரண்டு மாதம் சொல்லாததை இன்றைக்கு ஏன் சொன்னாய் என்று கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல்தான் கேட்டேன். அவள் பந்தல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“காலையில பாகக் கொடி பந்தல் மேல ஏறிடுச்சுக்கா. காய்க்கிறதப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. அந்த ஆசை வந்ததும் வேலியைப் பார்க்கவே பயமாயிடுச்சு.”

கேம்பல் பே தவசி

தவசி அண்ணன் கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் குடியேறிய முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்தில் பிறந்தவர். இப்போது ஐம்பத்தைந்து வயது. அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் தென்னையும் பாக்கும் வைத்துப் பிழைத்தவர்கள். சுனாமி அன்று காலை, மூட்டுவலியில் நடக்க முடியாத அம்மா, “பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுடா, நான் பின்னாலயே வர்றேன்” என்றிருக்கிறார். இரண்டு குழந்தைகளையும் இரண்டு பக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர் திரும்பிப் பார்த்தபோது வீடே இல்லை. குழந்தைகள் இப்போது வேலைக்குப் போகிற பெரியவர்கள். அவர் மட்டும் இன்னும் அந்தக் காலையிலேயே நிற்கிறார். தூக்கம் கிடையாது, திடீரென்று உடம்பு உதறும். மகன் போர்ட் பிளேருக்கு அழைத்துவந்து வைத்தியம் பார்த்தான். டாக்டர் எங்களிடமும் அனுப்பினார். பாத்தி கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

கோமதி அம்மாள் சக்கர நாற்காலியில் வருகிறவர். மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு போனது. வீடு, ஆட்டோ, எங்கள் தோட்டம், திரும்ப வீடு, இதுதான் உலகம். கொஞ்சம் வாய்நீளம். உயரமான தொட்டிகளில் தக்காளி போட்டுக்கொண்டு, தவசி அண்ணனை ஓயாமல் ஏவிக்கொண்டிருப்பார். “தவசி, தண்ணி கொண்டா. தவசி, இது கோணலா இருக்கு.” அவரும் முகம் சுளிக்காமல் செய்வார்.

எங்கள் ஊரில் பூமி அவ்வப்போது லேசாக அசைவது பழகிப்போன விஷயம்தான். அன்று காலை பத்து மணி இருக்கும். அடுக்கி வைத்த மண்தொட்டிகள் கடகடவென்று ஒன்றோடொன்று மோதின. வாளித் தண்ணீர் தளும்பியது. எல்லாரும் வெட்டவெளிக்கு வந்து நின்றோம். பத்து விநாடிதான், நின்றுவிட்டது. “கதம் ஹோ கயா, முடிஞ்சுது” என்று நிமாய்தா சிரித்தார். நான் தலைகளை எண்ணினேன். தவசி அண்ணன், கோமதி அம்மாள் என்று இரண்டு தலை குறைந்தது. திரும்பிப் பார்த்தால் தக்காளித் தொட்டிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஒரு செருப்பு மட்டும் கீழே.

என் வாழ்க்கையில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து அப்படி நடுங்கியதில்லை. பின்பக்க வேலி சாய்ந்திருந்தது. அதற்கு மேலே காடு மண்டிய மேடு. கூப்பிட்டுக்கொண்டே ஏறினோம். முள் கிழித்தது, ஈரத்தில் கால் வழுக்கியது, சாரம்மா மேடம் அந்த வயதில் எனக்கு முன்னால் ஏறினார். இடுப்பு உடைந்த பெண்மணியைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் இந்த மேட்டில் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து இன்னும் வேகமாக ஏறினேன். அந்த அம்மாள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? தோட்டத்தையே மூட வேண்டியதுதான் என்று தோன்றியது.

உச்சியில் ஒரு பாறை. அதன் மேல் கோமதி அம்மாளைச் சாய்த்து உட்கார வைத்து, தவசி அண்ணன் அவர் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். “இந்தத் தடவை விடலம்மா. இந்தத் தடவை விடல” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோமதி அம்மாள் சேலையெல்லாம் சேறு, கையில் சிராய்ப்பு. மேடம் ஓடிப்போய் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே, “ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொல்லியிருக்கு, இப்பவே கீழ போயிடலாம்மா, பயப்படாதீங்க” என்றேன்.

கோமதி அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. தவசி அண்ணனின் தலையில் ஒரு கை. கண் மட்டும் நேரே, மரங்களுக்கு மேலாகத் தெரிந்த வெளிர் நீலத்தில். வழக்கம்போல அதட்டலாகத்தான் சொன்னார்:

“யாரும் என்னைத் தூக்க வேணாம். மூணு வருஷமாச்சு நான் கடலைப் பார்த்து. தவசி, மூக்கைத் துடைச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காரு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோம்.”

ஆக, இந்தத் தோட்டத்துக்கு மாத்திரைப் பையோடு வந்தவர்களில் பல பேர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெறும் கையோடு வேலைக்குச் சேர்ந்த நான் மட்டும்தான் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.